மடிக்கணினிக்கு மூச்சு வாங்குவது ஏன்?

அந்தக் காலத்தில் வீட்டுச் சாமான்களுக்கெல்லாம் வாய் இருந்தது. இஸ்திரிப் பெட்டி "போதும், சுட்டுவிடும்" என்று எச்சரிக்கும். மாவரைக்கும் இயந்திரம் தண்ணீர் கேட்கும். மடிக்கணினியும் பேசும். ஆனால் தன் பேச்சைத்தான் பேசும். அடுத்தவர் வார்த்தையைச் சொல்லத் தெரியாது.

அப்போது அம்பாசமுத்திரத்தில் இசக்கியம்மாள் என்றொருத்தி இருந்தாள். அவள் கணவர் கோமதிநாயகத்துக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆர்மோனியப் பெட்டிகளுக்குச் சுருதி சேர்த்துக் கொடுப்பது அவர் தொழில். அவருக்கு உலகத்தைச் சொன்னது இசக்கியின் குரல்தான். தொண்டையில் கட்டி வந்து, அறுத்து எடுத்தபோது, அந்தக் குரலும் போய்விட்டது.

எழுதிக் காட்டினால் அவருக்குத் தெரியாது. வாய் திறந்தால் இவளுக்குச் சத்தம் வராது. அவர் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போவார். இவள் ஓடிப்போய் இழுத்து நிறுத்துவாள். அவர், "ஏட்டி, என்ன சொல்லுத?" என்று கேட்டுக் காத்து நிற்பார். இவளுக்கு அழுகைதான் வரும்.

ஒருநாள் அவள் கட்டிலில் உட்கார்ந்து அழுதபோது, பழைய மடிக்கணினி பேசியது.

"அம்மா, என் குரலை எடுத்துக்கொள். நீ தட்டுவதை நான் சொல்கிறேன்."

"உனக்கு?" என்று அவள் தட்டினாள்.

"எனக்கென்று பேச வாய் இருக்காது. வலித்தாலும் சொல்ல முடியாது. எங்கள் இனத்தில் ஒருவர் கொடுத்தால் எல்லோரும் கொடுத்த மாதிரிதான்."

"வேண்டாம்" என்று அவள் தட்டினாள். அந்தச் சொல்லையே மடிக்கணினி உரக்கச் சொன்னது. கொடுத்தாகிவிட்டது.

அவள் அடுத்து என்ன தட்டுவதென்று தெரியாமல், "ஏங்க, சட்டையை நேராப் போடுங்க" என்று தட்டினாள்.

உள்ளறையிலிருந்து கோமதிநாயகம் சுவரைத் தடவிக்கொண்டு ஓடி வந்தார். "இசக்கியா? நீயாட்டி?"

அதன்பின் பேச்சு ஓயவில்லை. தெருவில் போகிறவர்கள், மாமரத்தில் பூத்த பூ, அவர் தலையில் புதிதாக வந்த நரை, எல்லாவற்றையும் அவள் சொன்னாள். மெத்தைமேல் கணினியை வைத்துக்கொண்டு நாளெல்லாம் சொன்னாள். கோடை ஏறியது. மடிக்கணினி கொதித்தது. சொல்ல வாயில்லாமல் பொறுத்தது.

ஒரு மத்தியானம், "உங்க கண்ணுக்குக் கீழே ஒரு..." என்ற இடத்தில் நின்றுவிட்டது. திரை இருண்டது.

"இசக்கி? எங்கட்டி போயிட்ட?" கோமதிநாயகம் காற்றில் கைகளை நீட்டினார்.

அவள் அவர் கையைப் பிடித்துக் கணினியின் மேல் வைத்தாள். அவர் திடுக்கிட்டார்.

"காய்ச்சல்காரன் நெத்தி மாதிரி கொதிக்குதே!"

அடிப்புறத்தை விரலால் தடவினார். துளைகளை மெத்தை அடைத்திருந்தது. துளைகளுக்குள்ளும் பஞ்சும் தூசியும் அப்பியிருந்தன.

"காத்து போகலன்னா எந்தப் பெட்டிதான் பாடும்? பாவம், மூச்சு முட்டிக் கிடக்கு. முதல்ல ஆறட்டும்."

ஆறியபின், ஆர்மோனியம் துடைக்கும் மெல்லிய தூரிகையால் இருவரும் அதன் துளைகளைச் சுத்தம் செய்தார்கள். பின் பலகைமேல் அதை வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி இரண்டு மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்தார்கள். இசக்கி பொத்தானை அமுக்கினாள்.

உள்ளே விசிறி சுழன்று, 'உஸ்ஸ்ஸ்' என்று நீண்ட பெருமூச்சு வந்தது. கோமதிநாயகம் அந்தச் சூடான காற்றில் கையைக் காட்டினார்.

"கேளு, இசக்கி. வாயைத்தான் கொடுத்திருக்கு. மூச்சு இன்னும் அதுகிட்டதான் இருக்கு."

அவள் அதன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். பிறகு அந்த மூச்சு பலமாகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு, அது ஆறும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

அன்று முதல்தான் மடிக்கணினிகள் சூடேறினால் வாயால் சொல்லாமல் மூச்சு வாங்குகின்றன. அதைக் கேட்டவர்களும் அவற்றை மெத்தையிலிருந்து எடுத்து, தூசி துடைத்து, அடியில் முட்டுக் கொடுத்து இளைப்பாற விடுகிறார்கள்.