சடையன் ஏறிய மேடை

முன்னொரு காலத்தில், மழை தவறாத ஒரு நாட்டில், அரசருக்குக் காலை எழுந்ததும் ஓர் ஆசை வந்தது. காலியாக இருந்த ஏரிப்பாசன அமைச்சர் பதவியை விகடகவி சடையனுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

சடையன் மலைக்குடியில் பிறந்தவன். அவன் குடியில் எவரும் அமைச்சர்கள் அமரும் மேடையில் உட்கார்ந்ததில்லை. ஏரிக்கரைக்கு அவன் யோசனை சொன்னால் அவை சிரிக்கும். அதையே மறுநாள் மூத்த அமைச்சர் சேந்தனார் சொன்னால் சால்வை கிடைக்கும்.

அரசர் அவையில் இதைச் சொன்னதும் சேந்தனார் எழுந்தார். "அரசே, முன்னோர் விதி ஒன்று உண்டு. பதவியிலுள்ள அமைச்சர் ஒருவர் கைபிடித்திருக்க, புதியவர் மேடைப்படி ஏற வேண்டும். தனியே ஏறியவருக்கு ஆசனம் கிடையாது."

"அப்படியானால் நாளைக் காலை ஏறட்டும். ஏறாவிட்டால் இந்தப் பேச்சை இனி எடுக்கமாட்டேன்" என்றார் அரசர்.

வெளியே வந்ததும் அமைச்சர்கள் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள். சேந்தனார் சடையனைப் பார்த்துச் சிரித்தார். "நாளைக்கு எங்கள் எல்லார் கைக்கும் வாதம் வரப்போகிறதப்பா."

"கடவுள் நல்ல வைத்தியர், ஐயா" என்றான் சடையன். ஆனால் இரவு சோறு இறங்கவில்லை.

மறுநாள் அமைச்சர்கள் கைகளைக் கட்டிக்கொண்டு மேடையில் அமர்ந்திருந்தார்கள். பார்வை மங்கிய கிழவர் அறவாழியார் மட்டும் வழக்கம்போலத் தாமதமாக வந்தார். அவரைத் தினமும் மேடையேற்றிவிட்டுக் கீழே இறங்குவது சடையன்தான்.

கிழவரின் கால் முதல் படியைத் தேடித் தடுமாறியது. 'நேற்று இவரும் சேர்ந்துதானே தலையாட்டினார்' என்று சடையன் மனம் கசந்தது. ஆனாலும் விழவிட மனம் வருமா? கையை நீட்டினான். பழக்கத்தில் கிழவரும் பற்றிக்கொண்டார்.

பாதிப் படியில்தான் சடையனுக்குச் சிரிப்பு வந்தது. மேலே போனதும் அன்று அவன் இறங்கவில்லை. காலி ஆசனத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தான்.

"இது அநியாயம்! அவரையல்லவா இவன் தாங்கி வந்தான்" என்றார் சேந்தனார்.

"ஐயா, அமைச்சர் என் கையைப் பிடித்திருந்தார். நான் படி ஏறினேன். யார் யாரைத் தாங்கினார் என்று விதி கேட்கவில்லையே."

அரசர் கிழவரைப் பார்த்தார். "கைபிடித்தீரா?"

அறவாழியார் இன்னும் கையை விடவில்லை. "பிடித்தேன், அரசே. தினமும் பிடித்தேன். மேலே வந்ததும் விட்டுவிட்டேனே, அதுதான் என் பிழை."

அரசர் விலா நோகச் சிரித்துத் தம் சால்வையையே சடையனுக்குப் போர்த்தினார். "உம்மைத் தடுத்த அந்த விதியை நீக்கிவிடவா?"

"வேண்டாம், அரசே. அது இருக்கட்டும். கீழே என் குடியினர் நிற்கிறார்கள். இனி அவர்கள் பிடித்துக்கொள்ள ஓர் அமைச்சரின் கை இருக்கிறது."

அரசர் மறுபடியும் சிரித்தார். இம்முறை சேந்தனாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மறுநாள் காலை, அமைச்சர் சடையனார் எல்லோருக்கும் முன்பாக வந்து, அறவாழியாருக்காகக் கீழ்ப்படியில் காத்துக்கொண்டு நின்றார்.