குளத்துக்குப் போன ஆலாக்கள்

அகன்ற ஆறு ஒன்றின் நடுவே ஒரு மணல்திட்டு இருந்தது. அதில் முந்நூறு ஆலாப் பறவைகள் வாழ்ந்துவந்தன. ஆலாவுக்கு வெள்ளை உடம்பு, கறுப்புத் தலை, மஞ்சள் மூக்கு. மணலைக் காலால் பறித்து, அந்தச் சிறு குழியிலேயே முட்டையிடும். மேலேயிருந்து தண்ணீரில் பாய்ந்து மீன் பிடிக்கும். வாய் மட்டும் ஓயவே ஓயாது!

அந்தத் திட்டில் நீள்வாலன் என்ற ஆண் ஆலாவும் அதன் மனைவி செங்காலியும் குடியிருந்தன. அவற்றின் குழிக்கு ஒரு முழம் தள்ளி வாயாடி என்ற ஆலாவின் குழி. வாயாடி விடிந்ததிலிருந்து பேசும். கேட்க ஆள் இல்லாவிட்டாலும் பேசும்.

அந்தப் பருவத்தில் செங்காலி இரண்டு முட்டைகள் இட்டிருந்தது. ஒருநாள் இரண்டு ஆலாக்கள் ஒரு மீனுக்காகச் சண்டை போட்டு, கட்டி உருண்டு, அந்தக் குழியில் வந்து விழுந்தன. முட்டைகள் நொறுங்கிப்போயின. சண்டை போட்டவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மீனைத் தேடிக்கொண்டு போய்விட்டன.

செங்காலி மூன்று நாள் வெறும் குழியிலேயே உட்கார்ந்திருந்தது. நான்காம் நாள் வாயைத் திறந்தது.

"இங்க இனிமே இருக்க முடியாதுங்க. கால் வைக்க இடமில்ல. கண் மூடினா காது கிழியுது. நம்ம முட்டை உடைஞ்சதுக்கு ஒருத்தராவது வருத்தப்பட்டாங்களா?"

"எனக்கும் அலுத்துப்போச்சு" என்றது நீள்வாலன். "ஒரு மீன் துள்ளினா இருபது மூக்கு பாயுது. கிழக்கே அரை நாள் பறந்தா ஒரு சின்னக் குளம் இருக்காம். போய்ப் பார்த்துட்டு வரேன்."

போன நீள்வாலன் மறுநாள் திரும்பி வந்தது. அதன் கண்கள் மின்னின.

"செங்காலி! தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு! மீன் எங்கே திரும்பினாலும்! நடுவுல ஒரு திட்டு. அதுல ஒருத்தரும் இல்ல. கரையில ஒரு ஆட்காட்டிக் குருவி மட்டும் குடியிருக்கு. நல்ல குணம்."

இரண்டும் கிளம்புவதைக் கேட்டு வாயாடி ஓடி வந்தது.

"ஏண்டி செங்காலி, நிஜமாவே போறியா? அங்க பருந்து இல்லையா?"

"இருக்கு. ஆனா இங்க பத்து பருந்து! அங்க ஒண்ணே ஒண்ணு!" என்று சிரித்தது நீள்வாலன்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. இரண்டும் பறந்து கண்ணுக்கு மறையும்வரை வாயாடி அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தது.

குளத்தைப் பார்த்ததும் செங்காலிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நீள்வாலன் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மீன் கிடைத்தது. திட்டின் நடுவில், தனக்குப் பிடித்த இடத்தில், செங்காலி குழி பறித்தது. இந்த முறை மூன்று முட்டைகள். யாரும் மிதிக்கவில்லை. யாரும் வம்புக்கு வரவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு செங்காலி நன்றாகத் தூங்கியது.

சில வேளைகளில் மட்டும் அதற்கு ஏதோ போலிருக்கும். ஒருமுறை நீள்வாலன் தன் உடம்பில் பாதி நீளமுள்ள மீனைப் பிடித்து வந்தது. இரண்டும் அந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தன.

"யாராவது பார்த்திருந்தா வயிறெரிஞ்சிருப்பாங்க" என்றது நீள்வாலன்.

"ஆமா" என்றது செங்காலி.

கரையில் இருந்த ஆட்காட்டி ஒருநாள் திட்டுக்கு வந்தது.

"தங்கச்சி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. பருந்து வந்தா நீங்க என்ன செய்வீங்க?"

"கத்துவோம் அக்கா. விரட்டுவோம்!"

"எத்தனை பேரு?"

செங்காலி நீள்வாலனைத் திரும்பிப் பார்த்தது. ஆட்காட்டி பொறுமையாகச் சொன்னது: "எங்க ஜாதி தனியா இருந்தே பழகினது. என் முட்டை கூழாங்கல் மாதிரி இருக்கும். பருந்து தூரத்துல தெரிஞ்சா நான் கூட்டை விட்டுச் சத்தமில்லாம நடந்து போயிடுவேன். அப்புறம் வேற பக்கம் போய்ச் சிறகு ஒடிஞ்ச மாதிரி நொண்டுவேன். அது என் பின்னாடி வரும். நீங்களும் பழகிக்கோங்க. உங்க வெள்ளை உடம்பு வானத்துலேருந்து பளிச்சுன்னு தெரியுது."

"சரிக்கா" என்றது செங்காலி. ஆனால் நொண்டிப் பழக அதற்குக் கூச்சமாக இருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது.

முட்டைகள் பொரிந்தன. மூன்று குஞ்சுகளும் மணலில் தத்தித் தத்தி நடந்தன. ஐந்தாம் நாள் காலையில் பருந்து வந்தது.

செங்காலியும் நீள்வாலனும் துள்ளி எழுந்து கத்தின. பிறந்ததிலிருந்து அவற்றுக்குத் தெரிந்தது அதுதான். ஆற்றுத்திட்டில் ஓர் ஆலா கத்தினால் முந்நூறு ஆலாக்கள் எழும். வானமே வெள்ளையாகிவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் கொத்து விழும். பத்துப் பருந்துகளும் அந்தத் திட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்காது.

இங்கே இரண்டும் கத்தின. வேறு யாரும் எழவில்லை.

பருந்து மேலே ஒரு வட்டம் போட்டது.

"ரெண்டே பேரா?" என்று கேட்டது. பிறகு அவசரப்படாமல் இறங்கி ஒரு குஞ்சைத் தூக்கியது.

நீள்வாலன் வெறி பிடித்ததுபோல் அதன்மேல் பாய்ந்தது. பருந்து பறந்தபடியே திரும்பி ஓர் அடி அடித்தது. நீள்வாலன் மணலில் வந்து விழுந்தது. அதன் வலது சிறகு முறிந்து தொங்கியது.

ஆட்காட்டி பறந்து வந்தது. "ஐயோ, என் முட்டையை விட்டுட்டு உடனே வர முடியலையே!" என்று அழுதது. சிறகைப் பார்த்தது. தலையைக் குனிந்துகொண்டது.

அதன் பிறகு நான்கு வயிற்றுக்கும் செங்காலி ஒன்றேதான் மீன் பிடிக்க வேண்டியிருந்தது. மறுநாள் அது தண்ணீருக்குமேல் இருந்த நேரத்தில் இரண்டாவது குஞ்சும் போய்விட்டது.

மிஞ்சியது ஒரே குஞ்சு. ஆட்காட்டி சொன்னபடி நீள்வாலன் அதை ஒரு கோரைப்புல் புதருக்குள் ஒளித்தது. பருந்தின் நிழல் விழும்போதெல்லாம் குஞ்சைச் சிறகுக்கடியில் அமுக்கிக்கொண்டு மூச்சுக் காட்டாமல் கிடந்தது. கத்தவேண்டும் என்று தொண்டை துடிக்கும். கத்தாது. இப்படியே மூன்று வாரம் ஓடியது.

குஞ்சுக்குச் சிறகு முளைத்தது. அதற்குமேல் அது புதருக்குள் அடங்கவில்லை. பறக்கக் கற்றுக்கொண்டது. எப்போதும் வெட்டவெளியில் வட்டமிட்டது. பருந்தும் வந்து வந்து பார்த்துப் போனது.

ஒரு காலை நீள்வாலன் சொன்னது: "செங்காலி, இவனைக் கூட்டிக்கிட்டு ஆத்துக்குப் போ."

"உங்களை விட்டுட்டா? நான் போகமாட்டேன்!"

"என்னால இனிமே பறக்க முடியாது. உனக்கே தெரியும். இவனையும் இங்க வச்சுக்கிட்டா இவனும் போயிடுவான்."

"நான் போனா உங்களுக்கு யாரு மீன் தருவா?"

"ஒரு நாள் பட்டினி கிடந்தா செத்தா போயிடுவேன்? அவனை வாயாடிகிட்ட விட்டுட்டு நாளைக்கே வந்துடு."

செங்காலி எவ்வளவோ அழுதது. கடைசியில் மூன்று மீன் பிடித்துப் புதருக்குள் வைத்துவிட்டு, "அக்கா, பார்த்துக்கோங்க" என்று ஆட்காட்டியிடம் சொல்லிவிட்டு, குஞ்சோடு பறந்தது. வழியில் குஞ்சு களைத்தபோதெல்லாம் இறங்கி இறங்கிப் பறந்ததால், ஆறு வந்து சேர மாலையாகிவிட்டது.

வாயாடி ஒரே ஒரு பார்வையில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டது. குஞ்சைத் தன் குஞ்சுகளோடு சேர்த்துக்கொண்டது.

மறுநாள் விடிந்ததும் செங்காலி கிளம்பியது. நண்பகலில் குளத்துக்கு வந்து, முதல் பாய்ச்சலிலேயே ஒரு மீனைப் பிடித்துக்கொண்டு திட்டுக்குப் போனது. புதருக்கு வெளியே வெள்ளை இறகுகள் சிதறிக் கிடந்தன.

ஆட்காட்டி கரையிலிருந்து மெல்லப் பறந்து வந்தது.

"நேத்து நீ போன கொஞ்ச நேரத்துலதான், தங்கச்சி. நீங்க போற திசையைப் பார்த்து அந்தப் பருந்தும் கிளம்பிச்சு. அதைப் பார்த்துட்டு அவரு புதரை விட்டு வெளியே வந்தாரு. முறிஞ்ச சிறகை இழுத்துக்கிட்டு வெட்டவெளியில நடந்தாரு. நான் வேணாம் வேணாம்னு கத்தினேன். பருந்து திரும்பி வந்துடுச்சு."

செங்காலி மீனை இறகுகளுக்குப் பக்கத்தில் வைத்தது. அன்று பொழுது சாயும்வரை அங்கேயே நின்றது. ஆட்காட்டியும் கூடவே நின்றது.

ஆற்றுத்திட்டுக்குத் திரும்பியபோது, நடுவில் இடம் கிடைக்கவில்லை. ஓரத்தில், ஈர மணலில்தான் கிடைத்தது. செங்காலி அங்கே தங்கிக்கொண்டு மகனை வளர்த்தது.

அடுத்த பருவத்தில் ஓர் இளம் ஜோடி அதைத் தேடி வந்தது. "இங்க நெரிசல் தாங்கல. நாங்க அந்தக் குளத்துக்குப் போகலாம்னு இருக்கோம். நீங்க இருந்து பார்த்தவங்க. போகலாமா, வேண்டாமா?"

செங்காலி கிழக்கே பார்த்தது. பிறகு சொன்னது:

"அங்க தண்ணி நல்லா இருக்கும். மீன் நிறைய. நிம்மதியாத் தூங்கலாம். நான் பொய் சொல்லமாட்டேன். போங்க! ஆனா ரெண்டு பேராப் போகாதீங்க. பத்து ஜோடி சேருங்க. போனதும் ஆட்காட்டி அக்காவைப் பார்த்து, அவங்க சொல்றதை அன்னைக்கே கத்துக்கோங்க."

அப்படியே பதினோரு ஜோடிகள் சேர்ந்து கிளம்பின. செங்காலியின் மகனும் அவற்றோடு சேர்ந்துகொண்டது.

"நீயும் வாம்மா" என்று அது கெஞ்சியது.

"எனக்கு அந்தத் தண்ணியைப் பார்க்கத் தைரியம் இல்லப்பா" என்றது செங்காலி.

புதிய இடத்தில் என்னென்ன கிடைக்கும் என்று எண்ணுகிறவர்கள், பழைய இடத்தில் கேட்காமலே கிடைத்துக்கொண்டிருந்தது என்ன என்பதையும் எண்ணிப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும்.