வந்த வழியைப் பார்த்து நின்ற கார்

"அவன் எனக்குச் செஞ்சது துரோகம்ங்க மேஸ்திரி. ஊரையே பேரம் பேசி மடக்குறவன் நான். என்னையே ஏமாத்திப்போட்டான்."

காரை வாசலில் நிறுத்திவிட்டு, பிரேக் பட்டறைக்குள் நாச்சிமுத்து நுழையும் முன்பே அவர் குரல் நுழைந்துவிட்டது.

சலோமி தலை நிமிரவில்லை. ஏதோ ஒரு லாரியின் பிரேக் சிலிண்டரைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவரைவிட இருபது வயது சின்னவள். ஆனாலும் இரண்டு வருடமாகச் சனிக்கிழமை மதியம் பழைய இரும்புக்கடையைச் சாத்திவிட்டு வந்து, அவளிடம்தான் அவர் தொழில் கற்றுக்கொண்டிருந்தார்.

"யாருங்கண்ணா?"

"ஆக்சில் வித்தவன்."

நாச்சிமுத்துவிடம் அறுபத்து நாலாம் வருடத்துக் கார் ஒன்று இருந்தது. அதன் பின் சக்கரங்களை இணைக்கும் ஆக்சிலைக் கழற்றிவிட்டு, ஒரு பெரிய காரின் ஆக்சிலை, பலமாகப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கோடு தன் கையாலேயே மாட்டியிருந்தார். சலோமியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முடித்துக் காட்டி அசத்தலாம் என்று இருந்தார்.

"பிரேக் பிடிக்கலீங்களா?"

"பிடிக்குது. அதுதான் கூத்து. குன்னூர் இறக்கத்துல, மழையில, எதுக்க பஸ். ஒரே மிதி. வண்டி நிக்கணுமா இல்லையா? பின்பக்கம் சுத்திட்டு முன்னால வந்துடுச்சு. முழுசாத் திரும்பி, வந்த வழியைப் பார்த்துட்டு நிக்குது. சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவுல ஒரு முழம்."

"அக்காவும் வண்டியில இருந்தாங்களா?"

மனைவியின் பேச்சு வந்ததும் நாச்சிமுத்துவின் குரல் இறங்கியது.

"இருந்தா. கதவைத் திறந்து இறங்குனா. நனைஞ்சுட்டே நடந்து போய் பஸ் ஏறிட்டா. எட்டு நாளாச்சு, பேச்சில்ல. நாளைக்குக் குன்னூர்ல அவ தங்கச்சி மகளுக்கு வளைகாப்பு. 'அவரு கார்ல வரட்டும், நான் பஸ்ல போறேன்'னு பக்கத்து வீட்டுக்காரிகிட்டச் சொல்லி விடுறா. நான் அங்கதான் உக்காந்திருக்கேன்."

சலோமி சிலிண்டரைத் துடைத்து வைத்தாள்.

"முன்னாடி என்ன பிரேக்குங்க?"

"பழைய டிரம் பிரேக்தான். அதுக்கென்ன, நல்லாத்தான இருக்கு."

"வித்தவரு பின்னாடி மட்டுந்தான் வெச்சிருந்தாரா?"

"முன்பக்கத்து டிஸ்க் பிரேக்கையும் என் தலையில கட்டப் பார்த்தான். குடுத்தா ஜோடியாத்தான் குடுப்பேன்னு ஒத்தக்கால்ல நின்னான். நான் விடுவேனா? ரெண்டு மணி நேரம் பேசி, பிரிச்சுத்தான் வாங்கினேன்."

சலோமி எழுந்தாள்.

ஒரு பலகையை எடுத்து ஆயில் டிரம்மின் மேல் சரிவாகச் சாய்த்தாள். அலமாரியில் அவள் மகளின் பொம்மைக் கார் கிடந்தது. அதன் பின் சக்கரம் இரண்டையும் கறுப்பு டேப்பால் உருளாதபடி ஒட்டினாள். பலகை உச்சியில் வைத்து விட்டாள்.

பொம்மை பாதி தூரம் வந்தது. சுழன்றது. பின்பக்கம் முன்னால் வரக் கீழே வந்து சேர்ந்தது.

டேப்பைப் பிய்த்து முன் சக்கரங்களில் ஒட்டினாள். விட்டாள்.

நேராக வந்தது.

நாச்சிமுத்து வேட்டியை மடித்துக்கொண்டு குந்தினார். தானே டேப்பை மாற்றி மாற்றி ஒட்டி நாலு தடவை விட்டுப் பார்த்தார். நாலு தடவையும் அப்படியேதான்.

"ஒண்ணும் புரியலீங்க மேஸ்திரி. அப்ப நல்ல பிரேக் போட்டது தப்பா?"

"இல்லீங்க."

"மாட்டுனதுல தப்பா?"

"நீங்க மாட்டுனா உறுதியாத்தான் இருக்கும்."

"சாமான் மட்டமா?"

"நல்ல சாமான்."

"எல்லாம் நல்லதுன்னா வண்டி ஏன் திரும்புது?"

"பின்னாடி பலமாப் பிடிச்சு நின்னுடுது, முன்னாடி இன்னும் உருளுதுங்க." சலோமி பொம்மையை அவர் கையிலிருந்து வாங்கி, முன் சக்கரத்தை ஒரு விரலால் தட்டினாள். அது தடையில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

நாச்சிமுத்து அது நிற்கும்வரை பார்த்தார். தலையைச் சொறிந்தார். பிறகு சட்டென்று எழுந்தார்.

"எனக்கு அதெல்லாம் தெரியாது. இந்தக் கோளாறுக்கு எவன் காரணமோ, அவன்தான் வந்து சரி பண்ணணும்."

"நியாயந்தானுங்க. ஜோடியாக் குடுக்கறேன்னு அவரு சொன்னாரு. பிரிச்சது யாருங்கண்ணா?"

நாச்சிமுத்துவின் விரல் மெல்லத் தன் நெஞ்சைத் தொட்டது.

சலோமி ஜாக்கியைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

"அந்த ஆளை வரச் சொல்லுங்க. அக்கா நாளைக்குப் பஸ் ஏறதுக்குள்ள சரி பண்ணிக் குடுத்துட்டுப் போகட்டும்."