இருபத்திரண்டு நிமிடக் கிராஸிங்

கிழக்கே ஒரு நகரம் இருந்தது. மேற்கே ஒரு நகரம் இருந்தது. இக்கதையைச் சொல்பவர்கள் அந்நகரங்களுக்குத் தத்தம் மாவட்டத்துக்கு ஏற்பப் பெயர் வைத்துக்கொள்கிறார்கள். இடைப்பட்ட தூரத்தை மட்டும் எவரும் மாற்றுவதில்லை. நூற்றிருபது கிலோமீட்டர்.

மேற்கு நகரத்தின் நுழைவில் ஒரு ரயில்வே கேட் இருந்தது. கிழக்கிலிருந்து ஆறு மணிக்குப் புறப்படும் பாசஞ்சர் ரயில், நடைமேடை காலியாகும் வரை அங்கே சிக்னலுக்காக நிற்கும். கேட் மூடியிருப்பதால், ஆறரைக்குப் புறப்பட்ட விரைவுப் பேருந்தும் ஏழு மணிக்குப் புறப்பட்ட ஒரு வெள்ளைக் காரும் அதே இடத்தில் வந்து நிற்கும். இவ்வாறு மூன்றும் காலை ஒன்பது மணிக்கு நாள்தோறும் சந்தித்துக்கொண்டன, சந்தித்தபோது பேசிக்கொண்டன.

“என்னக்கா, விடியக்காலம் கிளம்பி இப்பதான் வர்றியா?” என்று பேருந்து கேட்கும்.

“அக்காவைக் கிண்டல் பண்ணாதீங்கண்ணே,” என்று கார் சொல்லும். “அது வழியில நின்னு நின்னு எல்லாருக்கும் கும்பிடு போட்டுட்டு வருது.”

ரயில் சிக்னலையே பார்த்துக்கொண்டு நிற்கும். அதற்கு உண்மையிலேயே ஒரு வெட்கம் இருந்தது. அது ஒற்றைத் தண்டவாளப் பாதை. நடுவழியில் ஒரு சிறிய நிலையத்தில், எதிரே வரும் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு, ஒவ்வொரு நாளும் இருபத்திரண்டு நிமிடம் அது ஒதுங்கி நிற்க வேண்டும். கிராஸிங் என்பார்கள். பயணிகள் எட்டிப் பார்த்துத் திட்டுவது அந்த இடத்தில்தான்.

அக்காலத்தில் கிழக்கு நகரத்தைச் சேர்ந்த திலகமணி என்ற இளநிலை உதவியாளர் மேற்கு நகரத்து அலுவலகத்துக்கு மாற்றப்பட்டாள். கணவன் குணசீலனுக்கு உள்ளூரில் போட்டோ பிரேம் கடை. மகள் நிறைமதி மூன்றாம் வகுப்பு. ஆகவே வீட்டை மாற்ற இயலாது. நாள்தோறும் போய் வர வேண்டும். ஊர் திரும்ப ஒரே வழி இருந்தது. மே மாதத் துறைத் தேர்வில் அவள் தேறினால் பதவி உயர்வு உண்டு. அந்தப் பதவியில் கிழக்கு நகரத்து அலுவலகத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. அத்தேர்வில் அவள் முன்பே இரண்டு முறை தோற்றிருந்தாள்.

புதிதாக ஒருத்தி நாள்தோறும் பயணம் செய்யப்போகிறாள் என்ற செய்தி கேட்டில் பரவியது.

“என்கிட்டதான் வருவா,” என்றது பேருந்து. “அரை மணிக்கு ஒரு வண்டி. ஒண்ணை விட்டா இன்னொண்ணு.”

“ரெண்டுலயும் நின்னுக்கிட்டே வரணும்,” என்றது கார். “நான் அவ தெருமுனைக்கே போவேன்.”

“நீ சொல்லுக்கா,” என்றது பேருந்து ரயிலிடம்.

“நான் என்ன சொல்ல?” என்றது ரயில். “எனக்கு மூணு மணி நேரம் ஆகும்.”

இரண்டும் ஹாரன் அடித்துச் சிரித்தன.

திலகமணி முதலில் பேருந்தில் ஏறினாள். திங்கட்கிழமைகளில் நின்றாள், மற்ற நாள்களில் உட்கார்ந்தாள். தலைக்கு மேல் திரைப்படம் ஓடியது. வேகத்தடைதோறும் இடுப்பு குலுங்கியது. மூன்றாவது வாரத்தில் முதுகில் ஒரு பெல்ட் கட்டிக்கொண்டாள். நான்காவது வாரத்தில் காருக்கு மாறினாள்.

கார் அதே அலுவலகத்தின் கண்காணிப்பாளர் தணிகாசலத்துடையது. பெட்ரோல் செலவைப் பங்கிட்டுக்கொண்டு நால்வர் சென்றார்கள். மாலை ஆறுக்குக் கிளம்பினால் எட்டு மணிக்கு வீடு. நிறைமதி ஒன்பதுக்குத் தூங்குவாள். எனவே நாள்தோறும் ஒரு மணி நேரம் தாயும் மகளும் ஒருவரையொருவர் விழித்த நிலையில் பார்த்தார்கள். காரின் பெருமை இதில்தான் இருந்தது; அது பொய்ப் பெருமையும் அன்று.

“அந்தப் பொண்ணோட ஒரு மணி நேரம் என் புண்ணியம்,” என்று கேட்டில் அது சொல்லிக்கொண்டது. “இனி அவ பென்ஷன் வாங்கற வரைக்கும் என் ஆளு.”

ஆனால் காரில் புத்தகத்தைத் திறந்தால் திலகமணிக்குக் குமட்டியது. மூடி வைத்தால் தணிகாசலம் பேசினார். வீட்டுக்கு வந்தால் சமையல், மகளின் வீட்டுப்பாடம், பிறகு கண் தானாக மூடிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை துணிக்குப் போயிற்று. தேர்வுக்குரிய புத்தகம் பதினான்காம் பக்கத்தில் நின்றது. அதில் வைத்த பேருந்துச் சீட்டு மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

பிப்ரவரியில் காரின் ரேடியேட்டர் பழுதாகி, வண்டி இரண்டு நாள் பட்டறையில் கிடந்தது. வேறு வழியின்றித் திலகமணி ஆறு மணி ரயிலில் ஏறினாள். பெண்கள் பெட்டியில் சீசன் டிக்கெட்காரிகள் கூட்டமாக இருந்தார்கள். ரெஜினா என்ற செவிலியர் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

நடுவழி நிலையத்தில் ரயில் நின்றது. வழக்கம்போல் அது வெட்கப்பட்டது.

“ஏன் நிக்குது?” என்று திலகமணி கேட்டாள்.

“கிராஸிங்மா. இருபத்திரண்டு நிமிஷம் ஆணி அடிச்ச மாதிரி நிக்கும்,” என்றாள் ரெஜினா. “தூங்கணும்னா தூங்கு. வெண்டைக்கா நறுக்கணும்னா நறுக்கு. இந்தா மீனா, இவளுக்கும் ஒரு கத்தி குடு.”

“இவங்களுக்கு இன்னிக்கு லீவு விடுக்கா, புது ஆளு,” என்றாள் மீனா.

திலகமணி கத்தியை வாங்கவில்லை. புத்தகத்தை எடுத்தாள். ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்தாள். ஓடும் வண்டியில் படிக்கலாம், எழுத முடியாது. எழுத்து துள்ளும். இங்கே பெட்டி அசையவில்லை. பதினான்காம் பக்கத்து வினாவுக்கு அவள் பார்க்காமல் விடை எழுதினாள், தவறிய இடத்தை அடிக்கோடிட்டாள், மீண்டும் எழுதினாள். எக்ஸ்பிரஸ் தடதடத்துக் கடந்தபோது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கீழே ஒருவர் ரயிலைத் திட்டிக்கொண்டிருந்தார்.

கார் பட்டறையிலிருந்து வந்த பின்னும் அவள் சீசன் டிக்கெட் எடுத்தாள்.

வீட்டில் இது எளிதாக முடியவில்லை. ரயில் திரும்ப ஒன்பதைத் தாண்டும்.

“அது நடந்து வர்றதுக்குள்ள பாப்பா தூங்கிரும்,” என்றான் குணசீலன். “எட்டு மணிக்கு வாசல்ல விடற காரை வேண்டாங்கற ஆளை இப்பதான் பாக்கறேன்.”

“மே மாசம் வரைக்கும்தாங்க.”

“ஏற்கெனவே ரெண்டு தடவை எழுதின பரீட்சைதானே?”

“எழுதினேன். படிச்சுட்டு எழுதல.”

அவன் சம்மதிக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, அரைத் தூக்கத்தில் மகள் கேட்டாள்: “அம்மா, நேத்து வந்தியா?” திலகமணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மகளின் போர்வையைச் சரிசெய்தாள். பிறகு நிலையத்துக்கு நடந்தாள். கதை சொல்பவர்களில் சிலர் இவ்விடத்தில் அவளை அழவைக்கிறார்கள். பெரும்பாலோர் அப்படிச் சொல்வதில்லை. ஆறு மணி வண்டிக்கு நேரமாகியிருந்தது.

மார்ச்சில் ஒரு நாள் எக்ஸ்பிரஸ் மிகத் தாமதமாகி, மேற்கு நகரத்தையே இன்னும் எட்டவில்லை. நடுவழி நிலையத்தில் பச்சை விளக்கு எரிந்தது. ரயிலுக்கு அதன் வாழ்நாளில் இப்படி வாய்த்ததே இல்லை. அது நிற்காமல் பாய்ந்தது. பெட்டிக்குப் பெட்டி கை தட்டினார்கள். திலகமணி அப்போதுதான் பேனா மூடியைக் கழற்றியிருந்தாள். எழுத்து தாளின் குறுக்கே இழுத்துக்கொண்டு போயிற்று. அவள் மூடியைப் போட்டுவிட்டு ஜன்னல் வழியே பார்த்தாள்.

அன்று கேட்டில் யாரும் இல்லை. ரயில் இருபது நிமிடம் முன்னதாக வந்திருந்தது. தன்னை எல்லோரும் பாராட்டிய நாளில் ஒருத்தி மட்டும் பேனாவை மூடியதை அது தனியாக நினைத்துப் பார்த்தது. மறுநாள் கிராஸிங்கில் நின்றபோது அதற்கு வெட்கம் வரவில்லை. பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ரெஜினா தண்ணீர்ப் பாட்டிலைக் கீழே வைத்துப் பார்த்து, “பாரு, தண்ணிகூட ஆடல,” என்றாள்.

“அவ உங்கிட்ட வந்துட்டாளாமே,” என்று கார் கேட்டில் கேட்டது. குரலில் சூடு இருந்தது. “என்ன மாயம் பண்ணின?”

“நிக்கறேன்,” என்றது ரயில்.

“நிக்கறதா! நானும்தான் இங்க தினம் நிக்கறேன்.”

“நீ நிக்கறப்ப பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கற தம்பி,” என்று பேருந்து இடைமறித்தது. “உள்ள இருக்கறவனும் கடிக்கறான்.”

மே மாதத்தில் திலகமணி தேர்வு எழுதினாள். காரில் அவள் இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டதால், முடிவு வரும் வரை அதே ரயிலில் சென்றாள்; அந்நாள்களில் கிராஸிங்கில் வெண்டைக்காய் நறுக்கினாள். “பரீட்சை கையி, எல்லாம் ஒரே அளவு,” என்று ரெஜினா கேலி செய்தாள். ஆகஸ்டில் முடிவு வந்தது. தேறியிருந்தாள். செப்டம்பர் முதல் வாரத்தில் மாறுதல் ஆணை வந்தது. கிழக்கு நகரத்து அலுவலகம் அவள் வீட்டிலிருந்து நடந்தே போகும் தூரம்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மூன்று வண்டிகளும் கேட்டில் நின்றன. பெண்கள் பெட்டியின் ஜன்னலோரத்தில் ரெஜினா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“இடம் காலி போலிருக்கே,” என்றது பேருந்து.

“ஊருக்கே மாறுதல் வாங்கிட்டாளாம்,” என்றது கார். “நல்லா வேணும் அக்காவுக்கு. என்கிட்டயே இருந்திருந்தா புத்தகத்தைத் தொட்டே இருக்க மாட்டா. இன்னும் பத்து வருஷம் தினம் ஏத்திக்கிட்டு வந்திருப்பேன். உனக்கு ஏழு மாசம். ஒரு நல்ல ஆளை நீயே தொலைச்சியே!”

சிக்னல் விழுந்தது. ரயில் அசைந்து நகரத் தொடங்கியது. போகிற போக்கில் அது கேட்டது:

“பத்து வருஷம் ஏத்திக்கிட்டே இருந்தா, அவ ஊர் போய்ச் சேர்றது எப்ப தம்பி?”