ராக்கியண்ணன் வெள்ளரிக்குத் தண்ணி விட்ட கதை

ஒரு ஊர்ல கை சும்மா இருக்காத மனுசர் ஒருத்தர் இருந்தாராம், பேரு ராக்கியண்ணன். பொண்டாட்டி பாவாயி. ரெண்டு பேரும் காட்டுல சுத்தியும் மேலயும் நிழல்வலை கட்டி வலைக்குடில் போட்டு உள்ள வெள்ளரி நட்டாங்க. கிணத்துல இடுப்பளவு தண்ணிதான். அதனால செடிக்குச் செடி சொட்டுக் குழாய்.

"இது காஞ்சுதுன்னா நான் திருப்பூர்ல தம்பிகூடப் பனியன் கம்பெனிக்குப் போயிருவேனுங்க மாமா. நீங்களே பொங்கித் தின்னுங்க"ன்னுட்டா பாவாயி. ராக்கியண்ணனுக்கு வெந்நி வைக்கக்கூடத் தெரியாது. ம் சொல்லு.

ம்.

அப்போ அவர் குடிலுக்குள்ள போய்க் காதைத் தீட்டிக் கேட்டார். வாய்க்கால்ல சலசலன்னு ஓடினாத்தான் அவருக்குத் தண்ணி பாஞ்ச மாதிரி. இதுவோ சொட்... சொட்... "இது பாசனமா, காதுக்கு மருந்து விடறதா?"ன்னு சாக்கு ஊசியால முதல் வரிசைக் குழாயைக் குத்தி வச்சார். குபுகுபு. முதல் வரிசை குளிச்சுது, கடைசி வரிசை வாடிருச்சு. பாவாயி பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஓட்டையெல்லாம் கட்டினா.

அப்புறம் வாடின வரிசைக்குக் குடம் குடமா ஊத்தினார். தொபுக், தொபுக். குடிலுக்குள்ள சேறு எங்க காயும்? இலை மஞ்சளாச்சு.

"செடிக்கு நீச்சல் பழக்குறீங்களா?"ன்னா பாவாயி.

அப்புறம் மூணாவதா, மோட்டாரைப் போட்டு வால்வை முழுசாத் திறந்துட்டார். டப்பு டப்புன்னு குழாயெல்லாம் கழண்டு, பாம்பாட்டம் எந்திரிச்சு அவர் மூஞ்சியிலயே அடிச்சுது. கிணத்துத் தண்ணி முழங்காலுக்கு வந்துருச்சு.

பாவாயி குழாயைத் திரும்ப மாட்டினா, பையில சேலையை மடிச்சு வச்சா, தம்பிக்கு போன் போட்டா. "பறிக்கிற அன்னைக்கு வேன் எடுத்துட்டு வா. காய் இருந்தா காயை ஏத்து. இல்லாட்டி என்னை ஏத்து."

ராக்கியண்ணன் திருதிருன்னு முழிச்சார். "நான் என்ன பண்ணட்டும் பாவாயி?"

"சொட்டுற இடத்துல விரலை விட்டுப் பாருங்க."

விட்டார். மேல காஞ்ச மாதிரிதான் இருந்துச்சு, உள்ள வேர்கிட்ட ஜில்லுன்னு ஈரம். "அட, சத்தமில்லாமக் குடிக்குதே."

"கிணத்துல இருக்கிறது அதுக்குப் போதும். இனி நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க."

அதுதான் அவருக்குக் கஷ்டம். ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டு வாசல்லயே உட்கார்ந்தார். சொட்... சொட்... கொடி ஏறுச்சு, பூத்துச்சு, காய்ச்சுது.

தம்பி வேனோட வந்தான். ராக்கியண்ணனே மூட்டை மூட்டையா ஏத்தினார். பின்னாடி நிறைஞ்சுது. அப்புறம் எதுக்கும் இருக்கட்டும்னு முன் சீட்டுலயும் ஒரு மூட்டையைத் திணிச்சார்.

"மச்சான், அக்கா வரலையா?"

"இடமில்லையே மாப்ள"ன்னு கதவைப் படீர்னு சாத்தினார்.

பாவாயி சிரிச்சுக்கிட்டே பையை உள்ள கொண்டு போனா. வேன் புர்ருன்னு போயிருச்சு, கதையும் அதுலயே ஏறிப் போயிருச்சு. நீ கண்ணை மூடு.