ஜப்தியில் சேராதது

"சாமி, எனக்குக் காவி கொடுங்க."

கேட்டவர் வேம்பையா, தையல்காரர். ஏரிக்கரை மண்டபத்தில் சாய்ந்திருந்த அமீனா சாமியிடம் கேட்டார். இருபத்திரண்டு வருஷம் கோர்ட்டு அமீனாவாக ஜப்தி உத்தரவோடு வீடு வீடாகப் போனவர் சாமி. ஒருநாள் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தார். பழைய உத்தியோகப் பெயர் மட்டும் அவரை விடவில்லை.

மத்தியான வெயில் தண்ணீரில் பட்டு மண்டபத்துக் கூரையில் அசைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே சாமி கேட்டார்.

"எதுக்குக் காவி?"

"எல்லாத்தையும் விட்டுட்டேன்."

"எவ்வளவு கடன்?"

வேம்பையாவுக்குச் சுருக்கென்றது. கடனைப் பற்றி வாயைத் திறக்குமுன்னே கண்டுபிடித்துவிட்டாரே மனுஷன்.

"மக கல்யாணத்துக்கு வாங்கினது சாமி. அதை அடைக்க போன்ல கடன் குடுக்கிற ஆப்புல வாங்கினேன். அதை அடைக்க இன்னொண்ணு. இப்போ அஞ்சு லட்சம். நாலு பேரு தெனமும் வாசல்ல வந்து நிக்கிறாங்க. வீட்டுல உள்ள அம்புட்டையும் தூக்கிட்டுப் போயிடுவோம்கிறாங்க."

"கோர்ட்டு உத்தரவு வச்சிருந்தாங்களா?"

"கேக்கலையே சாமி."

"வக்கீல் யாரையாவது பாத்தியா?"

"இலவசச் சட்ட உதவிக்குப் போனேன். மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துடலாம்னாங்க. கோர்ட்டுல நின்னு, என்னால கட்ட முடியலைன்னு நானே ஒத்துக்கணுமாம். அப்புறம் ஊருக்குள்ள தலைகாட்ட முடியுமா?"

"மஞ்சளுக்குப் பயந்து காவிக்கு வந்தியாக்கும்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. வேம்பையா தலையைக் குனிந்துகொண்டார்.

"கண்ணை மூடு" என்றார் சாமி. "நான் உத்தரவோட வந்திருக்கேன். கதவைத் திற."

மூடினார்.

அவர் வீட்டு நீலக் கதவு தானாகத் திறந்தது. வீட்டுக்குள் கணுக்கால் அளவுக்கு ஏரித் தண்ணீர் நின்றது. அது ஏனோ விசித்திரமாகவே படவில்லை. சாமி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"டிவி. எடுத்தாச்சு. பீரோ. எடுத்தாச்சு. பைக். எடுத்தாச்சு."

ஒவ்வொன்றும் மெல்ல மிதந்து வாசலைத் தாண்டிப் போனது. நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை.

"சோத்துப் பானை?"

"அடுப்புல இருக்கு."

"இருக்கட்டும். அதை எடுக்கச் சட்டத்துல இடமில்லை. பாய், தலையணை?"

"மூலையில சுருட்டி இருக்கு."

"இருக்கட்டும். உன் சம்சாரத்தோட தாலி?"

"அவ கழுத்துல."

"அதையும் தொடக் கூடாது. தையல் மிஷின்?"

"ஜன்னலோரம்."

"தொழில் சாமான். எந்தக் கோர்ட்டும் எடுக்காது. இருக்கட்டும்."

அடுப்படியிலிருந்து அவர் சம்சாரம் இசக்கியம்மா வந்தாள். மிஷினில் பாதி தைத்துக் கிடந்த பாவாடையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். புருஷன் எதிரிலேயே நிற்பது அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

"மிஷினுக்கு முன்னால ஸ்டூல் காலியா இருக்கே" என்றார் சாமி. "அதுல உக்காந்திருந்த ஆளை நான் எடுக்கலை. யாரு எடுத்துட்டுப் போனது?"

வேம்பையா கண்ணைத் திறந்தார். கூரையில் வெளிச்சம் அப்படியே அசைந்துகொண்டிருந்தது. அவர் வெகுநேரம் அழுதார். சாமி தடுக்கவில்லை.

பிறகு வேம்பையா ஏரியில் இறங்கி முகத்தைக் கழுவிவிட்டு வந்தார்.

"சாமி, அந்தச் சட்ட உதவி ஆபீஸ் எத்தனை மணிவரைக்கும் தொறந்திருக்கும்?"