கொக்கை விரட்டிய பெருமை

“மகாராஜா! தங்கள் வயல் வரப்பில் ஓட்டை போட்டவன் இந்தச் சபையில்தான் உட்கார்ந்திருக்கிறான். பெயரைச் சொல்ல என் நாக்கு கூசுகிறது!”

முன்னொரு காலத்தில் செங்காவூரைத் தீர்த்தகிரிராயன் ஆண்டபோது, சபை நடுவே இப்படிக் கத்தியவர் பிரதானி சூலபாணி. பெயரைச் சொல்லவில்லையே தவிர, கண் என்னவோ மந்திரி மாடக்கண்ணு மேல்தான். வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்த ஆள் இன்று தமக்கு மேல் இருக்கையில்! மூன்று வருஷமாகச் சூலபாணிக்குச் சோறு இறங்கவில்லை.

அரசனோ முன்கோபி. “கோயிலுக்குப் படைக்கிற நெல்லய்யா அது! விட்ட தண்ணீர் மறுநாளே வடிந்துவிடுகிறது. மந்திரி, பொழுது சாய்வதற்குள் ஆளைப் பிடி. இல்லாவிட்டால் பழையபடி மண்வெட்டியைத் தூக்கு!”

“ஆகட்டும் மகாராஜா. எல்லோரும் வயலுக்கு வாருங்கள்.”

அரசன் வயலிலும் அதை ஒட்டிய மந்திரி வயலிலும் வரப்பு முழுக்க வளை. ஒவ்வொரு வாயிலும் உருண்டை உருண்டையாய் ஈரமண். மாடக்கண்ணு ஒன்றில் கையை விட்டு, கொடுக்கை ஆட்டும் நண்டை வெளியே இழுத்தார்.

சூலபாணி சிரித்தார். “ஏன், போன வருஷம் நண்டு இல்லையோ? அப்போது ஒழுகவில்லையே!”

“கோடையெல்லாம் வளைக்குள் மண்ணடைத்துக் கிடக்கும், பிரதானியாரே. ஆடியில் புதுத் தண்ணீர் ஏறினதும் வயிற்றில் ஒட்டின குஞ்சுகளை வயலில் உதறும்...” என்றவர், சட்டென்று அரசனிடம் திரும்பினார். “அது கிடக்கட்டும். ஆடி முதல் இந்தப் பக்கம் ஒரு கொக்கு இறங்கவில்லை. நட்ட நாற்று ஒன்றுகூட மிதிபடவில்லை. யாரோ மெனக்கெட்டு விரட்டியிருக்கிறார்கள். என் பண்ணையாள் வேலையாகத்தான் இருக்கும். அவனுக்கு ஒரு பொற்காப்பு போடலாமே?”

“அப்படியா!” அரசன் தன் காப்பைக் கழற்றினான்.

சூலபாணிக்கு உச்சந்தலை எரிந்தது. போன வருஷம் அரசன், “மந்திரி வயலைப் பாருங்கள், மல்லிகை கொட்டினாற்போல எத்தனை கொக்கு!” என்று புகழ்ந்ததிலிருந்து தூக்கம் கெட்டவர். அந்த அழகைக் கெடுக்கத்தானே ஆள் வைத்தது! அதற்கும் இவன் வீட்டுக்கே காப்பா?

“பொய்! விரட்டினது நான்! ஆடியிலிருந்து என் சோற்றைத் தின்று ஆறு கவண்காரர்கள் கல் எறிகிறார்கள். ஒரு கொக்கை விட்டேனா?”

“அதைத்தான் தெரிந்துகொள்ள நினைத்தேன்,” என்றார் மாடக்கண்ணு. “மகாராஜா, நண்டுக் குஞ்சைப் பொறுக்கித் தின்பது கொக்கு. என் வயலிலிருந்து எழுப்பினால் பக்கத்திலிருக்கும் உங்கள் வயலிலும் இறங்காது. தப்பின குஞ்சுகள் வளர்ந்து, என் வரப்பையும் உங்கள் வரப்பையும் சேர்த்தே துளைத்துவிட்டன.”

அரசன் காப்பை மந்திரியின் கையில் மாட்டினான். பிரதானி பக்கம் திரும்பாமலே சொன்னான்:

“வரப்பில் ஓட்டை போட்டவர் இங்கேதான் நிற்கிறார். பெயரைச் சொல்ல எனக்கும் நாக்கு கூசுகிறது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே சேற்றில் இறங்கட்டும். வளைக்கு வளை கையை விட்டு நண்டைப் பிடித்து, மண் வைத்து அடைக்கட்டும். தண்ணீர் நின்ற பிறகுதான் சபைக்கு வரலாம். ம்... இறங்கட்டும்!”